சிரிப்புக்கு முந்திய மூச்சு

வேலுத்தாய் தெருவின் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். செல்லச்சாமி குனிந்தவாறே பிரித்துக்கொண்டு வந்த சரவெடி, அவளுடைய காலடிக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. வீட்டு வாசற்பந்தலிலிருந்து முச்சந்தி வரைக்கும் அதனை விரித்துவிடுவது அவனுடைய எண்ணம். பாதி விரிந்த சரம் செம்மண் தெருவில் சிவப்புக் கரைபோலக் கிடந்தது.

“சுருட்டுங்க தம்பி” என்றாள் வேலுத்தாய்.

“என்ன மதினி சொல்றீக?”

“வெடி வேண்டாம்.”

செல்லச்சாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் அன்றைக்கு இறந்துபோன அவளுடைய கணவர் சுடலையின் ஒரே தம்பி. வெடிக் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுபவன். சரத்தையும் அந்த வண்டியில்தான் கொண்டுவந்திருந்தான். அவனுக்குப் பின்னால், சுடலையோடு ஒரு காலத்தில் வேலை பார்த்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டியவாறு நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் வெடி செஞ்சு குடுத்த மனுசன் மதினி. டெல்லிக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு அவன் கைச்சரக்கு போயிருக்கு. அவன் போறப்ப ஒரு வெடி இல்லன்னா, நாளைக்கு எவனாச்சும் என்னை ஆளா மதிப்பானா?”

“அவுக மூச்சுக்குப் பொக ஆகாது.”

செல்லச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மூச்சே நின்னு போச்சே மதினி. இனிமே பொக அவனை என்ன செய்யும்?” என்றான்.

அதைக் கேட்டும் வழிவிட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எம். புதுப்பட்டியில் வெடிச் சத்தம் இல்லாமல் எந்தப் பிணமும் எல்லையைத் தாண்டியதில்லை. அஃது அவளுக்கும் தெரியும். தெரிந்தே நின்றாள்.

பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் வந்து அவளுடைய கையைப் பற்றினாள். “ஏத்தா, ஒம்புருசனுக்குத்தான் ஆகாது. ஊருக்கு ஆகும்ல? உள்ள வா” என்றாள்.

“பாடைத் தேர் தூக்குறப்பப் பாத்துக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டுச் செல்லச்சாமி தன் வண்டியில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டான். சரம் சுருட்டப்படவும் இல்லை; பற்றவைக்கப்படவும் இல்லை. வருவோர் அனைவரும் அதனைத் தாண்டித் தாண்டித் துக்கம் கேட்க வந்தார்கள்.

பந்தலின் கீழே பெஞ்சின்மேல் சுடலை கிடத்தப்பட்டிருந்தார். ஒரு வாரத்துக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியிருந்தது. ஆசுபத்திரியில் வைத்துப் பார்த்தும் பயன் இல்லாமல் போக, வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். விடியற்காலையில் வேலுத்தாயின் தோளில் சாய்ந்தவாறே அடங்கிவிட்டார். சாய்ந்துகொண்டு உறங்குவது அவருக்குப் பழக்கமாகையால், சிறிது நேரம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. உறங்கட்டும் என்று அசையாமல் அமர்ந்திருந்தாள்.

அவருடைய தலைமாட்டில் குத்துவிளக்கு மட்டுமே எரிந்தது. ஊதுவத்தியை அவள் ஏற்றவிடவில்லை. அவ்வீட்டில் புகை என்பதே பல ஆண்டுகளாகக் கிடையாது. விறகடுப்பை இடித்துவிட்டுக் கடனோடு கடனாகக் கேஸ் அடுப்பு வாங்கினாள். பொங்கலன்று தங்கத்தாயின் வாசலில்தான் பானை வைப்பாள். நாட்டுக்கே பட்டாசு செய்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கணவனும் மனைவியும் மல்லாங்கிணற்றில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய், ஊரைவிட்டு விலகியிருந்த தோட்டத்து அறையில் தங்கிவிடுவார்கள். “தீவாளிக்குத் தலைமறைவு ஆகுற குடும்பம் ஒலகத்துலேயே நம்ம குடும்பம்தான்” என்று சுடலை சொல்வார்.

இத்தனையும் இன்றைக்கு ஒரே நாளில் முடிந்துவிட்டதாக எல்லாரும் பேசுகிறார்களே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் வெள்ளைத்துரை வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர். மதுரையில் மருந்தாளுநர் படிப்புப் படித்துவிட்டு, அக்கடையைத் தாமே முப்பது ஆண்டுகளாக நடத்தி வருபவர். சரவெடியை ஒரு கணம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதனைத் தாண்டி வந்தார். கொண்டுவந்த மாலையைச் சுடலையின் மார்பில் சாத்தியவர், கையை உடனே எடுக்கவில்லை. அந்த மார்பு எழுந்து தாழ்வதைப் பார்த்துப் பழகிய கண்கள், இன்றைக்கும் அவ்விடத்திலேயே நிலைத்திருந்தன.

வேலுத்தாய் எழுந்து நின்றாள்.

“இரு தாயி, எதுக்கு எந்திரிக்க?”

“இம்புட்டு வருசம் எனக்கு அவுகளைக் குடுத்தீகளே அண்ணாச்சி” என்றாள். அவளுடைய குரல் தெளிவாக இருந்தது.

“நான் என்னத்தக் குடுத்தேன்? மாத்திரைய வித்தேன், காசு வாங்குனேன்” என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தை வேறுபுறமாகத் திருப்பிக்கொண்டார்.

அவர் கொடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

சுடலைக்கு நகைச்சுவைக் கதை சொல்வதில் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே பெயர் உண்டு. எல்லாவற்றுள்ளும் போர்மேன் கல்யாணக் கதைக்கு மதிப்பு அதிகம். வெடிக் கம்பெனி வாசலில் ஆட்களுடைய மடியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தேடித்தேடியே வயதாகிப்போன போர்மேன் ஒருவருக்குக் கல்யாணம். ஐயர் ஓமத்தைப் பற்றவைக்கிறார். தீயைக் கண்டதுதான் தாமதம், மாப்பிள்ளை மணையைவிட்டுத் துள்ளி எழுந்து, “எவம்லே தீப்பெட்டிய உள்ள விட்டது? மணல் வாளியக் கொண்டாங்கலே” என்று கத்துகிறார். மணப்பெண் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, “மொதல்ல தாலியக் கட்டுங்க. அதுக்குப் பெறகு நானே பத்த வைக்கேன்” என்கிறாள்.

இதனைச் சுடலை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயத்தில், அவர் சொல்லும் முறையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. மணப்பெண் வேட்டியைப் பிடித்து இழுத்ததும் கதையை நிறுத்தினார். கேட்பவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒன்றும் சொல்லாமல் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே பெண்ணின் மறுமொழியைச் சொன்னார். சிரிப்பு முன்னைக் காட்டிலும் இரண்டு மடங்காக எழுந்தது. “சுடலை தேறிட்டான்யா, எங்கன நிறுத்தணுமோ அங்கன நிறுத்துறான்” என்று கம்பெனி பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். வேலுத்தாய்க்கும் அதில் பெருமை இருந்தது. “முந்திக்கு இப்பத்தான் நல்லாச் சொல்றீக” என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மாலை நேரத்தில் கம்பெனி பஸ் நின்றதும், வேலையாட்கள் வெள்ளைத்துரையின் கடையில் மொய்ப்பது வழக்கம். தலைவலித் தைலம், வயிற்றுப்போக்கு மாத்திரை, இருமல் டானிக் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். அப்படியொரு மாலையில், டானிக் வாங்க வந்த சுடலை அங்கே அக்கதையைச் சொன்னார். கடை வாசலே சிரித்தது. வெள்ளைத்துரை மட்டும் சிரிக்கவில்லை. கதை நின்ற இடத்தில், சுடலையின் விரல்கள் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பை இறுகப் பற்றியிருந்ததையும், சூடான காப்பியை ஆற்றுபவரைப்போல அவருடைய உதடுகள் குவிந்திருந்ததையும் அவர் பார்த்துவிட்டார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, டானிக் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாராம்.

“ஏன் சுடலை, அந்தப் பொண்ணு பதில் சொல்றதுக்கு இம்புட்டு நேரம் எடுத்துக்கிடுதே, எதுக்கு?”

“ஆளுகளைக் காக்க வைக்கத்தான் அண்ணாச்சி.”

“இல்ல. மூச்சு வாங்கத்தான்.”

சுடலை சிரித்து மழுப்பப் பார்த்தார். வெள்ளைத்துரை விடவில்லை. விடிந்ததும் சளி வருகிறதா, மாடிப்படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறதா, பீடி எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டானிக்கால் தீருகிற இருமலாக அது தமக்குத் தோன்றவில்லை, ஆசுபத்திரிக்குப் போய்க் குழாயில் ஊதி மூச்சைப் பார்த்துவிட வேண்டும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சுடலை, “தீவாளி கழியட்டும் அண்ணாச்சி” என்று முடித்துவிட்டார்.

அந்தப் பகுதியில் அதுதான் எல்லாவற்றுக்கும் விடை. காதுகுத்து, ஒழுகுகிற கூரை, சொத்தைப் பல், பங்காளிச் சண்டை எதுவாயினும் தீபாவளி கழிய வேண்டும். சீசனில் ஒரு நாள் வேலைக்குப் போகாதவனை மனிதனாகவே எண்ணமாட்டார்கள். கழிந்த பிறகு அடுத்த தீபாவளிக்குரிய ஆர்டர் வந்துவிடும்.

வெள்ளைத்துரை மறுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டதும், வேலுத்தாய் எழுந்து சென்று முதலில் கதவைச் சாத்தினாள். டி.பி. என்று தெருவில் ஒரு சொல் விழுந்துவிட்டால், நாளைக்கு மகன் முனியராஜுக்கு எவன் பெண் கொடுப்பான்? அப்பொழுது முனியராஜ் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான்.

“டி.பி.யா இருந்தாலும் மருந்து இருக்கு. வேற என்னமுமா இருந்தாலும் மருந்து இருக்கு” என்றார் வெள்ளைத்துரை. “நான் டாக்டர் இல்ல தாயி. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அவரு முந்தி ஒரே மூச்சுல சொன்னாரு. இப்பச் சொல்ல முடியலை.”

மறுவாரம் அவரே கடையைப் பூட்டிவிட்டுச் சுடலையை மதுரைக்கு அழைத்துப் போனார். நெஞ்சுநோய் மருத்துவர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். வெடிமருந்துத் தூசியும் பீடிப் புகையும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து மூச்சுக் குழல்களைச் சுருக்கிவிட்டன, போனது திரும்ப வராது, இருப்பதைப் பாதுகாத்துக்கொள்ளலாம், இன்னும் நாலைந்து ஆண்டு கழித்து வந்திருந்தால் பாதுகாக்க ஒன்றும் இருந்திராது என்றார். அந்த மருத்துவர் நல்லவர். எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், “உங்களை யாரு அனுப்பினாங்க?” என்று கேட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரையை உள்ளே அழைத்துக் கைகொடுத்தாராம்.

உறிஞ்சுகிற மருந்தைப் பழக்கிக் கொடுத்ததும் வெள்ளைத்துரைதான். “கொசுவுக்கு அடிக்கிற மாதிரி அடிக்காத சுடலை. அமுக்கு, உள்ள இழு, பிடிச்சு வையி” என்று கடையில் நிறுத்திவைத்துத் தினமும் சொல்லிக் கொடுத்தார். சுடலை வெடிமருந்து கலக்கும் கலவைக் கொட்டகை வேலையை விட்டார், பீடியை விட்டார். சிவகாசியில் வெள்ளைத்துரையின் உறவினருடைய காலண்டர் கம்பெனியில், தாள் அடுக்கும் வேலை கிடைத்தது. கூலி குறைவுதான். எனினும் இரவில் அவர் படுத்து உறங்கினார். அருகில் வேலுத்தாயும் உறங்கினாள். மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். இருக்கன்குடிக்குப் போய்ப் பேத்திக்கு முடியிறக்கினார். மகனுடைய கல்யாணப் பந்தலில் எல்லாரும் கேட்டுக்கொண்டதற்காகப் போர்மேன் கதையைச் சொன்னபொழுது, உரிய இடத்தில் நிறுத்தினார். பந்தல் சிரித்தது. அவ்விடைவெளியின் பொருள் தெரிந்த மூவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

“எல்லாரும் இப்படி மொகத்தத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா, சுடலை எந்திரிச்சு வெளிய போயிருவான்யா” என்றார் துக்கப் பந்தலில் அமர்ந்திருந்த அய்யாதுரை. அவர் சுடலையோடு கலவைக் கொட்டகையில் வேலை பார்த்தவர். கொட்டு ஓய்ந்திருந்தது. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பிவிட்டிருந்தார்கள். தேர் கட்டி முடிவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

“அந்தப் போர்மேன் கதைய யாராச்சும் சொல்லுங்களேன்” என்றான் ஒருவன்.

அய்யாதுரை சொல்ல முற்பட்டார். மணப்பெண்ணை முதலிலேயே பேசவிட்டுக் கதையைக் கெடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து தங்கத்தாய், “இவரு சொல்றதுக்குப் பொணமே பரவால்ல, சும்மா கெடக்கு” என்றாள். ஈர வேட்டியோடு நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த முனியராஜ் நின்றான்.

“அப்படியில்ல மாமா. அப்பா வேற மாதிரில்ல சொல்லுவாக” என்றான்.

“அப்ப நீ சொல்லுலே. ஒங்கப்பன் கேக்கட்டும்.”

முனியராஜ் தகப்பனுடைய கால்மாட்டில் நின்று சொன்னான். குரல்கூட அதே குரல்தான். போர்மேன் துள்ளி எழுந்தார். மணல் வாளி கேட்டார். மணப்பெண் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அங்கே முனியராஜ் நிறுத்தினான். பந்தற்காலை ஒரு கையால் பற்றிக்கொண்டான். எல்லாரும் காத்திருந்தார்கள். அதன் பிறகு மறுமொழியைச் சொன்னான்.

துக்க வீடு என்பதையும் மறந்து கூட்டம் சிரித்தது. அய்யாதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பனேதாம்யா. அந்த நிறுத்து இருக்கு பாரு, அந்த நிறுத்து, அச்சா அப்படியே வந்திருக்கு.”

வேலுத்தாய் சிரிக்கவில்லை. மகனுடைய கழுத்துக்குக் கீழே, காரை எலும்பின்மேல் இருந்த குழி உள்வாங்கி உள்வாங்கி மீண்டுகொண்டிருந்தது. அக்குழியை அவள் அறிவாள். வேறொரு கழுத்தில் அதனைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறாள். அவளுடைய கண்கள் வெள்ளைத்துரையைத் தேடின. பின்வரிசையில் அமர்ந்திருந்த அவரும் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தக் கழுத்தைத்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைத்துரை நாற்காலியைவிட்டு எழுந்தார்.

“முனியராஜ், இங்கன வாலே.”

பந்தலின் ஓரமாக, வேலுத்தாயின் காதுக்கு எட்டும் இடத்திலேயே அவனை நிறுத்தினார்.

“காலைல எந்திரிச்சதும் இருமுறியா?”

“அது எல்லாருக்கும் உள்ளதுதான அண்ணாச்சி.”

“எல்லாருக்கும் இல்ல. கொட்டகைல ஒங்கூட வேலை பாக்கிறவனுகளுக்கு இருக்கும். அதான் ஒனக்கு எல்லாரும்னு தெரியுது. டானிக் எங்க வாங்குற?”

முனியராஜ் தரையைப் பார்த்தான். “சிவகாசில.”

“எங்கடை வாசல்லதான ஒன் பஸ் நிக்கிது?”

“ஒங்க கடைல வாங்குனா நீங்க கேள்வி கேப்பீகல்ல, அதான்” என்றான் அவன்.

வேலுத்தாய் கண்களை மூடித் திறந்தாள். பேக்கிங் வேலைக்குப் போவதாகத்தான் அவன் வீட்டில் சொல்லியிருந்தான். பேக்கிங்கில் கிடைக்கும் கூலியைவிட அவன் கொண்டுவந்தது அதிகம். அவனுடைய சட்டைத் தையல்களில் படிந்திருந்த அலுமினியப் பொடியும் பேக்கிங்கில் ஒட்டுவதன்று; கலவைக் கொட்டகையில் ஒட்டுவது. அதனை அவள் துவைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சுடலையும் கண்டார், அவரும் கேட்கவில்லை. மகனுடைய கூலியில்தான் அவருடைய மருந்து வந்துகொண்டிருந்தது.

“நாளைக்கழிச்சு மதுரைக்குப் போவோம்” என்றார் வெள்ளைத்துரை. “ஊதிப் பாப்போம். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா ரெண்டு பேரும் காப்பியக் குடிச்சிட்டுத் திரும்பிருவோம். எதுவாச்சும் இருந்தாலும் ஒங்கப்பனுக்குக் கண்டதைவிட முந்தியே கண்டதா இருக்கும். அவரு அம்பதை நெருங்குறப்பப் பாத்தோம். ஒனக்கு இன்னும் இருபத்தஞ்சு நெறையலை.”

“சீசன் அண்ணாச்சி. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. தீவாளி கழியட்டும்.”

சொன்னவன் மகன்தான். ஆயினும் பெஞ்சில் கிடப்பவர் வாய் திறந்து சொன்னதுபோல வேலுத்தாய்க்குக் கேட்டது.

“பதினாறு நாளு நீ எப்படியும் கம்பெனிக்குப் போக முடியாதுல்ல? அதுக்குள்ளதான் சொல்றேன்” என்றார் வெள்ளைத்துரை. “அது கழிஞ்சா ஒன்னை நான் எங்க போய்ப் பிடிக்க?”

வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்த செல்லச்சாமிக்கு இக்கடைசிப் பேச்சுக் காதில் விழுந்தது.

“அது எப்படி அண்ணாச்சி? கொள்ளி வைக்கிறவன் பதினாறு கழியாம ஊரைத் தாண்டப்படாதுல்ல? அப்பனை எரிச்ச சாம்பலு ஆறும் முன்ன மகன் மதுரைக்குப் பஸ் ஏறிட்டான்னா ஊரு சிரிக்கும்.”

“ஊரு இப்பத்தான சிரிச்சுச்சு” என்றாள் வேலுத்தாய். “பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

செல்லச்சாமிக்குப் புரியவில்லை. அவள் எழுந்து வந்து அவனுக்கு எதிரே நின்றாள்.

“தம்பி, அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்னு எல்லாரும் சிரிச்சீக. அவன் நிறுத்தலை. மூச்சு நிறுத்துச்சு. ஒங்க அண்ணனும் அப்படித்தான். நானும் அன்னைக்குச் சிரிச்சவதான். அண்ணாச்சி ஒருத்தரு சிரிக்காம இருந்தாரு. அதனாலதான் ஒங்க அண்ணன் பேத்திய மடியில வச்சுக் கொஞ்சிட்டுப் போறாக.”

செல்லச்சாமி முனியராஜைப் பார்த்தான். இப்பொழுதுதான் முதன்முறையாகப் பார்ப்பவனைப்போலப் பார்த்தான்.

“நீங்க ஒங்க வெடியப் போடுங்க. நான் குறுக்க நிக்கலை” என்று அவள் தொடர்ந்தாள். “அவுகளுக்கு இனிமே பொக ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீகள்ல, அது சரிதான். எனக்குத்தான் மனசுல ஏறலை. ஆனா இவனை நாளைக்கழிச்சு அனுப்புறதுக்கு நீங்க சரின்னு சொல்லணும். இந்தக் குடும்பத்துல பெரியவுகன்னு இனி நீங்க ஒருத்தருதான.”

செல்லச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். மறுபடியும் அதே தோளில் போட்டுக்கொண்டான். தேர் கட்டுபவர்கள் பக்கம் திரும்பி, “நேரமாகுது, தூக்குங்கலே” என்றான். அவ்வளவுதான்.

கொட்டு முழங்கியது. சங்கு ஊதினார்கள். முனியராஜ் தீச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னே நடந்தான். வெள்ளைத்துரை அவனுக்குப் பக்கத்தில் போனார். தெருவில் கிடந்த சரத்தை அய்யாதுரையும் இன்னொருவரும் வாரித் தோளில் போட்டுக்கொண்டு, தேருக்குப் பின்னால் சென்றார்கள். ஊர் எல்லையில் தேர் இறக்கி மாற்றும் இடத்தில் வெடிப்பார்கள் என்று வேலுத்தாய் எண்ணிக்கொண்டாள். பெண்கள் முச்சந்தியோடு நின்றார்கள். அதற்கு அப்பால் போகும் வழக்கமில்லை.

குளிப்பதற்குத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு மருமகள் பொன்மணி வந்து அழைத்தாள். வேலுத்தாய் அசையவில்லை. கொட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போய், எல்லைக்கு அருகில் நின்றது. அவள் சேலைத் தலைப்பைக் கையில் பற்றியவாறு காத்திருந்தாள். தங்கத்தாயும் காத்திருந்தாள். வேப்பமரத்திலிருந்து ஒரு காகம் பறந்து போயிற்று. சிறிது நேரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொட்டுச் சத்தம் மறுபடியும் எழுந்தது.

“என்ன, சத்தத்தையே காணோம்? திரி நமுத்துப் போச்சோ?” என்றாள் தங்கத்தாய்.

“நம்ம ஊருத் திரியா நமுத்துப் போகும்?” என்றாள் வேலுத்தாய். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் பாலூற்றிவிட்டு வந்தார்கள். அதற்கு அடுத்த நாள், வெயில் வருவதற்கு முன்னரே முனியராஜ் குளித்துவிட்டுப் புறப்பட்டான். பொன்மணி தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். வாசலில் செல்லச்சாமி நின்றுகொண்டு, போவோர் வருவோர் கேட்பதற்கு முன்னதாகவே, “மதுரைக்கு நாந்தான் அனுப்பிவைக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தார். “சாத்திரத்தை நான் பாத்துக்கிடுறேன், ஒம்ம சோலியப் பாரும்” என்று அவரை அனுப்பிவிட்டான்.

வெள்ளைத்துரை கைப்பையோடு வந்தார். கடையை அன்றைக்குத் திறக்கவில்லை.

வேலுத்தாய் உள்ளறையில் இருந்தாள். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவனுக்கு எதிரே தான் வந்துவிடக் கூடாது என்று, கதவுக்குப் பின்னால் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். வாசலில் பேச்சு நின்றது. யாரோ காத்திருப்பதுபோல இருந்தது.

“அம்மா” என்றான் முனியராஜ். “வெளிய வாங்க. நான் இன்னும் போகலை.”

அவள் நிலைப்படிவரைக்கும் வந்தாள். அவன் மழித்த தலையோடு சின்னப் பையனைப்போல இருந்தான். அவளுடைய முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, “போயிட்டு வாரேன்” என்றான். அவள் தலையசைத்தாள். வெள்ளைத்துரையைப் பார்த்துக் கைகூப்பப் போனாள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதை முச்சந்திக்கு அப்பால் மேடாக ஏறுகிறது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள். மேட்டின் பாதியில் முனியராஜின் நடை தளர்ந்தது. வெள்ளைத்துரை திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர், கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தம்முடைய நடையைக் குறைத்துக்கொண்டார்.